முந்நூறு மில்லி தின்னர், ஒரு சின்ன அறை: ஆம்பூர் பக்கம் நடந்த மயக்கத்தின் கணக்கு

பழைய வட ஆற்காட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் பெரிய ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்கள் நிறைய. வீட்டையே மாற்றிக் கட்டியது, மாடியில் ஷீட் போட்டது, கல்யாண மண்டபமாக இருந்து யூனிட்டாக மாறியது என்று பல விதம். அப்படி ஒன்றில், போன மே மாதம் ஒரு மதியம், சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையால் ஒட்டும் அறையில் வேலை செய்துகொண்டிருந்த பெண் மயங்கி விழுந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யூனிட்டின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே தேவையில்லை. வேலூரில் வேதியியல் நடத்துகிறவன் என்பதால், தெரிந்தவர் மூலமாக என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். நான் பார்த்ததையும் போட்ட கணக்கையும் முழுதாக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி அறைகள் இந்தப் பக்கம் எத்தனையோ இருக்கின்றன, அங்கே தினமும் உட்காருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள்.

முதலில் நடந்தது. அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. ஒரு கதவு, அது தையல் ஹாலுக்குள் திறக்கும். ஒரு ஜன்னல், தூசி வருகிறது என்று ஆணி அடித்து மூடியது. சுவரில் மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். உள்ளே இரண்டு பேர்: ஒருவர் மேஜை பக்கத்தில் நின்றபடி லைனிங் மடிப்பவர், இன்னொருவர் தரையில் மணை போட்டு உட்கார்ந்து தோல் துண்டுகளுக்கு சொல்யூஷன் தடவுபவர். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் கரன்ட் போனது. சூப்பர்வைசர் வழக்கம்போல எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டார், கரன்ட் திரும்ப வரும்போது வோல்டேஜ் ஏறி மோட்டார் புகைந்துவிடும் என்று அவருக்குப் பழைய அனுபவம். அந்த அரை இருட்டில் ஹெல்பர் பையன் ஒருவர் காலை வாங்கிய 5 லிட்டர் தின்னர் (பசையை நீர்க்கச் செய்யும் திரவம்) டின்னைத் தூக்கப்போய், அது சாய்ந்து சிமென்ட் தரையில் கொட்டியது. திட்டு விழும் என்ற பயத்தில் அவர் சத்தம் போடாமல், அங்கே இருந்த காட்டன் வேஸ்டை எல்லாம் போட்டுச் சட்டென்று துடைத்து, அதை ஒரு பெயின்ட் வாளியில் திணித்து மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஹாலில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் நெடி தாங்கவில்லை என்றதும் யாரோ கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருந்த இருவரும் வேலையை நிறுத்தவில்லை, மாலை வேனுக்கு முன்னால் அன்றைய கணக்கு முடியவேண்டும்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும் என்கிறார்கள். நின்றுகொண்டிருந்தவருக்குத் தலைவலியும் கண் எரிச்சலும். உட்கார்ந்திருந்தவர், "அக்கா, தலை கிர்ருங்குது, வாந்தி வர்ற மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு எழுந்தார், கதவு வரை வந்தார், நிலைப்படியில் விழுந்தார். ஹாலில் இருந்தவர்கள் வெளியே தூக்கிப்போய் மரத்தடியில் படுக்கவைத்தார்கள். யாரோ ஒருவர் புத்தியாக அந்த வாளியையும் வெளியே எடுத்துப்போய் மூடி போட்டு அமுக்கிவிட்டார். இந்த ஒரு காரியம்தான் பிறகு கணக்குப் போட எனக்குக் கைகொடுத்தது.

நான் போனபோது முதலாளி கேட்ட முதல் கேள்வி நியாயமான கேள்வி. "சார், கொட்டினது ரெண்டு லிட்டரு. அதையும் ஒடனே தொடச்சிட்டான். ரூம் எவ்ளோ பெருசு பாருங்க. இதுக்குப் போயி மனுசன் மயங்குவாங்களா? வெயில்ல சாப்புடாம இருந்திருக்கும்." "சாப்பிட்டுட்டுதான் பாய் உட்காந்தாங்க" என்றார் சூப்பர்வைசர். இரண்டு லிட்டரையும் அறையையும் கண்ணால் ஒப்பிட்டால் முதலாளி சொல்வது சரியாகத்தான் படும். ஆனால் மூச்சில் போவது திரவம் இல்லை, ஆவி. திரவமாக இரண்டு லிட்டர் இருப்பது ஆவியாக எத்தனை லிட்டர் ஆகிறது என்பதுதான் கேள்வி.

டின்னில் எழுதியிருந்ததைப் பார்த்தால் பெரும்பகுதி டொலுவீன் என்கிற கரைப்பான். கொஞ்சம் வேறு கரைப்பான்களும் கலந்திருக்கும், ஆனால் கணக்குக்கு முழுவதும் டொலுவீன் என்றே வைத்துக்கொண்டேன். அசிட்டோனோ எம்இகேவோ (மெத்தில் எத்தில் கீட்டோன்) கலந்திருந்தால் ஆவியின் அளவு கூடுமே தவிரக் குறையாது, அதனால் இப்படி எடுத்துக்கொள்வதில் தவறு இல்லை.

ஒரு லிட்டர் டொலுவீன் சுமார் 860 கிராம். அதன் மோல் எடை, அதாவது ஒரு மோல் என்று வேதியியலில் எண்ணும் நிலையான எண்ணிக்கை மூலக்கூறுகளின் எடை, 92 கிராம். வகுத்தால் 9.3 மோல். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் எந்த வாயுவாக இருந்தாலும் ஒரு மோல் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும் என்பது இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ 1811இல் சொன்ன கருத்திலிருந்து வருவது. பள்ளியில் 22.4 லிட்டர் என்று படித்திருப்போம், அது 0 டிகிரிக்கு. வேலூரில் 0 டிகிரி ஏது? மே மாதம் வெளியே நாற்பதைத் தாண்டும், அறைக்குள் 35 என்று குறைத்தே வைத்தாலும் ஒரு மோலுக்கு 25.3 லிட்டர். 9.3ஐ 25.3ஆல் பெருக்கினால் 235. ஆக ஒரு லிட்டர் டொலுவீன் முழுவதும் ஆவியானால் 235 லிட்டர் ஆவி.

இந்த 235 எல்லாத் திரவத்துக்கும் பொது இல்லை. என் மாணவர்கள் பலர், தண்ணீர் நீராவியானால் 1,700 மடங்கு என்று எங்கோ படித்த எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். தண்ணீரின் மூலக்கூறு மிகச் சின்னது, ஒரு லிட்டரில் 55 மோல் அடங்கிவிடுகிறது, அதுவும் அந்த 1,700 என்பது 100 டிகிரியில். அதே 35 டிகிரியில் மற்றவற்றைப் பார்த்தால் எத்தனால் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 430 லிட்டர், அசிட்டோன் 340, எம்இகே 280, டொலுவீன் 235, ஹெக்சேன் 190. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாக ஒரு லிட்டர் திரவத்தில் அடங்கும் மோல் குறைகிறது, ஆவியின் அளவும் குறைகிறது. நெடி எவ்வளவு காட்டம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, அறை. 12 பெருக்கல் 10 பெருக்கல் 10, 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர், லிட்டரில் 34,000. கொட்டிய இரண்டு லிட்டரும் ஆவியாகியிருந்தால் 470 லிட்டர் ஆவி, அறைக் காற்றில் 1.4 சதவீதம். டொலுவீன் ஆவி காற்றில் 1.1 சதவீதத்தைத் தொட்டாலே நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும், 7.1 சதவீதம் வரை அந்த ஆபத்து இருக்கிறது. முதலாளியிடம் இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: பாய், மயக்கத்தை விடுங்கள், இந்த அறையையே தீ வாய்க்குள் கொண்டுபோக உங்கள் டின்னில் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். அவர் அதுவரை கையில் திருப்பிக்கொண்டிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தார்.

ஆனால் இரண்டு லிட்டரும் ஆவியாகவில்லை. எவ்வளவு ஆனது என்று ஊகிக்க வேண்டியதில்லை, அந்த மூடிய வாளி இருந்தது. தோல் எடை போடும் தராசிலேயே அதை வைத்தோம், காலி வாளியின் எடையும் காட்டன் வேஸ்ட் பாக்கெட்டின் எடையும் தெரியும், கழித்துப் பார்த்தால் துணியில் தங்கியிருந்த தின்னர் சுமார் 1.45 கிலோ. கொட்டியது 1.72 கிலோ. இடையில் காணாமல் போனது 270 கிராம் சொச்சம், அளவில் முந்நூறு மில்லி. ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர். அவ்வளவுதான் காற்றில் போயிருக்கிறது. இப்படிப்பட்ட விஷயங்களில் மில்லியை விட கிராமை நம்புவது நல்லது, சூட்டில் திரவம் விரியும், அளவு மாறும், எடை மாறாது.

முந்நூறு மில்லி என்றால் 70 லிட்டர் ஆவி. அறை முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் 34,000இல் 70, சதவீதத்தில் 0.2, பத்து லட்சத்தில் எத்தனை என்று சொல்லும் பிபிஎம் கணக்கில் 2,000க்குக் கொஞ்சம் மேல். இதை எதனோடு ஒப்பிடுவது? 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் டொலுவீனுக்கு வைத்திருந்த எட்டு மணி நேர சராசரி வரம்பு 100 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 150. அமெரிக்காவில் உடனடி ஆபத்து என்று எழுதிவைத்திருக்கும் அளவு 500. அறை முழுக்கச் சராசரியே அதைப் போல நாலு மடங்கு. அறையை 100 பிபிஎம்முக்குக் கொண்டுபோக எவ்வளவு திரவம் வேண்டும் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 3.4 லிட்டர் ஆவி, திரவமாகப் பதினைந்து மில்லிகூட இல்லை, மூன்று டீஸ்பூன்.

உட்கார்ந்தவர் விழுந்தார், நின்றவர் தலைவலியோடு தப்பினார், ஏன்?

டொலுவீன் ஆவி காற்றை விட 3.2 மடங்கு கனம், அதனால் தரையில் தங்கும் என்று எல்லாப் பாதுகாப்பு நோட்டீசிலும் இருக்கும். அது பாதி உண்மை. சுத்தமான டொலுவீன் ஆவி என்று ஒன்று அந்த அறையில் எங்குமே இல்லை, இருந்தது காற்றோடு கலந்த ஆவி. 35 டிகிரியில் டொலுவீனின் ஆவி அழுத்தம், அதாவது திரவத்திலிருந்து கிளம்பும் ஆவி அதிகபட்சம் காட்டக்கூடிய அழுத்தம், சுமார் 47 மில்லிமீட்டர் பாதரசம். காற்றழுத்தம் 760. ஆக ஈரத்தை ஒட்டினாற்போல இருக்கும் காற்றில்கூட அதிகபட்சம் 6.2 சதவீதம்தான் டொலுவீன் இருக்க முடியும், அந்தக் கலவை சாதாரணக் காற்றை விட 13 சதவீதம் மட்டுமே கனம். பரவி 1 சதவீதம் ஆனபிறகு வெறும் 2 சதவீதம் கனம். ஒருவர் குறுக்கே நடந்தாலே கலந்துவிடும் வித்தியாசம் அது, ஒருமுறை நன்றாகக் கலந்துவிட்டால் திரும்பப் பிரிந்து கீழே இறங்கவும் இறங்காது. ஆனால் அன்றைக்கு ஃபேன் இல்லை, கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் ஆணி அடித்தது, இரண்டு பேரும் இடத்தை விட்டு நகரவில்லை. அசையாத காற்றில் இந்தச் சின்ன வித்தியாசமே போதும்.

அந்த 70 லிட்டரும் தரையிலிருந்து இரண்டு அடிக்குள் அடங்கிக் கிடந்தது என்று வைத்துப் பார்த்தால் அங்கே 1 சதவீதம் வருகிறது, 10,000 பிபிஎம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்திருக்கும்: மேலே நின்றவரின் மூக்கில் இரண்டாயிரத்துக்கும் கீழே, மணையில் உட்கார்ந்தவரின் மூக்கில் அதைவிடப் பல மடங்கு. வாளியும் அவர் பக்கத்து மூலையில்தான் இருந்தது. கொட்டிய இடத்தில் தரையும் ஈரம். அவர் எழுந்து கதவு வரை வந்தது பெரிய விஷயம், அங்கேயே சாய்ந்திருந்தால் முகம் தரையில், மோசமான காற்று இருந்த இடத்திலேயே இருந்திருக்கும், கதவு சாத்தியிருந்ததால் ஹாலில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நெடி அவ்ளோ இருந்தா அதுங்களே எழுந்து வந்திருக்க மாட்டாங்களா" என்று கேட்டார்கள். வரமாட்டார்கள். மூக்கு இந்த நெடிக்குச் சில நிமிஷத்தில் பழகிவிடும், அதிலும் வருஷக்கணக்காக சொல்யூஷன் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு அது அறையின் சாதாரண வாசனை. ஹாலில் இருந்தவர்களுக்குத் தாங்கவில்லை, உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. வெளியே இருப்பவர் கதவைச் சாத்தியதற்குப் பதிலாக உள்ளே இருப்பவரை வெளியே கூப்பிட்டிருக்க வேண்டும்.

தரையோரம் 1 சதவீதம் என்றேன், பற்றும் எல்லை 1.1. இதில் எல்லைக்குக் கீழேதானே என்று ஆறுதல்பட ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஈரத்தையும் வாளியையும் ஒட்டிய இடத்தில் அது 6 சதவீதத்திலிருந்து படிப்படியாகக் குறைந்து வந்திருக்கும், நடுவில் ஒரு படலம் முழுக்கப் பற்றக்கூடிய நிலையில் இருந்தது நிச்சயம். கரன்ட் திரும்ப வந்தபோது சுவிட்ச் எல்லாம் அணைந்திருந்தது. அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் வீட்டுச் சமையலறையில் மாட்டும் சாதாரண ஃபேன், டியூப்லைட்டும் ஸ்டார்ட்டர் போட்ட பழைய டியூப்லைட், இரண்டும் பொறி கிளப்பக்கூடியவை. மோட்டார் கெடக்கூடாது என்று சூப்பர்வைசர் செய்த காரியம் என்ன காரியத்தைத் தடுத்தது என்று அவருக்கு நான் விளக்கியபோது அவர் முகம் வெளிறியது. அவரை அங்கேயே எல்லோர் முன்னாலும் பாராட்டினேன், அது அவருக்கு உரியது.

இந்த இடத்தில் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சூடு ஏறினால் ஆவியின் அளவு ரொம்பக் கூடிவிடும் என்று நினைக்கிறோம். 20 டிகிரியிலிருந்து 35க்குப் போனால் ஒரு மோலின் இடம் 24லிருந்து 25.3 ஆகிறது, 5 சதவீதம்தான் கூடுதல். ஆனால் ஆவி அழுத்தம் 22லிருந்து 47, இரண்டு மடங்குக்கும் மேல். வெயில் செய்யும் கெடுதல் அளவில் இல்லை, வேகத்திலும் உச்ச வரம்பிலும் இருக்கிறது. டிசம்பரில் இதே தின்னர் கொட்டியிருந்தால் மொத்தத்தில் அதே 235தான், ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் ஆவியானது பாதியோ என்னவோ. டொலுவீனின் தீப்பற்று நிலை (எந்த வெப்பநிலையிலிருந்து அதன் ஆவி பற்றும் என்பது) 4 டிகிரி என்று டின்னில் போட்டிருப்பார்கள். அது எங்கிருந்து வந்த எண் என்று பார்த்தால், 4 டிகிரியில் டொலுவீனின் ஆவி அழுத்தம் காற்றில் சரியாக 1.1 சதவீதம் கொடுக்கும் அளவுக்கு வருகிறது. இரண்டு எண்ணும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. நம் ஊரில் 4 டிகிரி என்பது எந்த நாளும் இல்லை, ஆகவே மூடாத தின்னர் டின் எந்த நாளும் எந்த நேரமும் பற்றும் நிலையில்தான் இருக்கிறது.

இதே மாதிரிக் கணக்கு நமக்குப் புதிதில்லை. 2021இல் கொரோனா இரண்டாவது அலையின்போது ஆஸ்பத்திரிகளில் எத்தனை கிலோலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்று தினமும் செய்தியில் கேட்டோம். திரவ ஆக்சிஜன் ஒரு கிலோலிட்டர் 1,140 கிலோ, வாயுவானால் கிட்டத்தட்ட 880 கன மீட்டர். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் வேண்டிய நோயாளிக்கு ஒரு நாளைக்கு 14.4 கன மீட்டர், அப்படியானால் ஒரு கிலோலிட்டர் அறுபது பேருக்கு ஒரு நாள். மோலும் அதே, பெருக்கலும் அதே. ஆனால் திரவ ஆக்சிஜனுக்கும் சமையல் காஸுக்கும் தின்னருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஆக்சிஜனும் காஸும் நம் வெப்பநிலையில் கொதிக்கும் திரவங்கள், வெளியே வந்தால் முழு அழுத்தத்தோடு, காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். தின்னர் கொதிக்காது, டொலுவீனின் கொதிநிலை 110 டிகிரிக்கும் மேல். அது காற்றைத் தள்ளாமல் அதற்குள் கலக்கும், அதுவும் ஒரு வரம்பு வரைதான். 235 மடங்கு என்பது மொத்தக் கணக்கு, ஒரு நேரத்தில் ஓரிடத்தில் எவ்வளவு இருக்கலாம் என்பதை ஆவி அழுத்தம் தீர்மானிக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை சரியாக வரும்.

இதிலிருந்து நேரடியாக ஒரு லாபம் கிடைக்கிறது. 5 லிட்டர் டின்னில் பாதி தின்னர், மேலே இரண்டரை லிட்டர் காற்று, மூடி இறுக்கமாகப் போட்டாயிற்று. அந்தக் காற்றில் 6.2 சதவீதம், அதாவது 150 மில்லி ஆவி நிரம்பியதும் ஆவியாவது அத்தோடு நின்றுவிடும். திரவமாக அது ஒரு மில்லிகூட இல்லை. மூடியைத் திறந்து வைத்தால்? அறைக் காற்று 35 டிகிரியில் ஒன்பது லிட்டர் தின்னர் வரை வாங்கிக்கொள்ளும், டின் காலியாகும்வரை நிற்காது. காசு செலவில்லாத பாதுகாப்பு என்று ஒன்று உண்டென்றால் அது மூடிதான், தின்னரும் மிச்சம். இதைச் சொன்னதும் முதலாளி உடனே ஒப்புக்கொண்டார், மாதம் எவ்வளவு தின்னர் காற்றில் போகிறது என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது.

காலி டிரம்மையும் சொல்லிவிடுகிறேன், அந்த யூனிட்டின் பின்பக்கம் இரண்டு நின்றன, பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு. 200 லிட்டர் டிரம்மின் அடியில் பத்து மில்லி தின்னர் ஒட்டியிருந்தாலும் அது 2.35 லிட்டர் ஆவி, டிரம்முக்குள் 1.2 சதவீதம், பற்றும் எல்லைக்குள் வந்தாயிற்று. ஐம்பது மில்லி இருந்தால் கிட்டத்தட்ட 6 சதவீதம், அதுவும் எல்லைக்குள். அசிட்டோன் டிரம் மூடியே கிடந்தால் உள்ளே ஆவி மிக அதிகமாகி, பற்றும் அளவைத் தாண்டி நிற்கும் (திறந்து காற்று புகுந்ததும் அதுவும் எல்லைக்குள் இறங்கிவிடும், ஆகவே அதை நம்பவும் கூடாது). டொலுவீன் நம் ஊர் வெயிலில், மூடிய டிரம்முக்குள்ளேயே, சரியாக ஆபத்தான இடத்தில் வந்து உட்காருகிறது. அதைக் காலி என்று நினைத்து காஸ் கட்டரால் அறுக்கப்போனால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று நம்பியும் அறுக்கக்கூடாது, டொலுவீன் தண்ணீரில் கரையாது; டிரம்மை அறுக்கவே கொடுக்காமல் சப்ளை செய்தவரிடமே திருப்பிவிடவேண்டும்.

இதுவரை சொன்னது விபத்து நாள். என்னை அதிகம் கவலைப்படுத்தியது விபத்து இல்லாத நாள்.

தராசை வைத்துக்கொண்டே, சாதாரண நாளில் அந்த அறையில் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டேன். நாலு கிலோ சொல்யூஷன், ஒரு லிட்டர் தின்னர். சொல்யூஷனில் முக்கால் பங்கு கரைப்பான்தான், ரப்பர் மிச்சக் கால் பங்கு. ஒட்டியபின் தோலில் தங்குவது ரப்பர் மட்டும், கரைப்பான் முழுக்கக் காற்றில் போயாகவேண்டும், போனால்தான் ஒட்டும். மூன்று கிலோ கரைப்பான், மூன்றரை லிட்டர், தின்னரோடு சேர்த்து நாலரை லிட்டர். ஆவியில் ஆயிரம் லிட்டருக்கு மேல். எட்டு மணி நேரத்தில் மணிக்கு 130 லிட்டர். துண்டுகளைக் காயவைக்க ஹாலுக்கு எடுத்துப்போகிறார்கள், அதனால் பாதிதான் இந்த அறையில் என்று வைத்தாலும் மணிக்கு 65.

65 லிட்டர் ஆவியை 100 பிபிஎம்முக்குள் வைக்க எவ்வளவு காற்று வேண்டும்? பத்தாயிரம் மடங்கு, 650 கன மீட்டர். அறை 34. மணிக்குப் பத்தொன்பது இருபது தடவை அறையின் முழுக் காற்றும் மாறவேண்டும், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை. அதுவும் வரும் காற்று அறையில் ஒரே சீராகக் கலந்தால். கலக்காது, அதனால் இதைப் போல மூன்று மடங்காவது வைத்துத்தான் திட்டமிடவேண்டும். தீப்பிடிக்காமல் இருக்க மட்டும் என்றால் மணிக்கு ஆறு கன மீட்டர் போதும். தீக்குப் போதுமான காற்றுக்கும் நுரையீரலுக்குப் போதுமான காற்றுக்கும் நடுவில் நூறு மடங்கு வித்தியாசம். "ஒருநாளும் இங்க நெருப்பு புடிச்சதில்ல சார்" என்று சொல்லி எல்லாம் சரியாக இருப்பதாக நினைப்பவர்கள் இந்த நூறு மடங்கைப் பார்ப்பதில்லை.

இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனின் பெட்டியில் எழுதிய அளவு ஓரளவு பரவாயில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அது ஓட்டும் காற்று உள்ளே வர வழியே இல்லை. ஜன்னல் ஆணி அடித்தது, கதவு பாதி நேரம் சாத்தியது. உள்ளே வராத காற்று வெளியே எப்படிப் போகும்? தவிர ஃபேன் இருந்தது கூரையோரம், ஆவி வந்தது தரையோரம், நடுவில் அந்தப் பெண்ணின் மூக்கு. கீழே கிடக்கும் ஆவி அவர் முகத்தைத் தாண்டித்தான் மேலே போகவேண்டும்.

முதல் வாரத்தில் செய்தவை இவை. ஜன்னலின் ஆணியைப் பிடுங்கி, தூசிக்கு வலை அடித்தார்கள். தடவும் வேலையைத் தரையிலிருந்து மேஜைக்கு ஏற்றினார்கள், தோல் துண்டு வைக்கும் பலகைக்குப் பின்னால் ஒரு நீளமான பிளவு, அதன் வழியே காற்று தடவுபவரின் முகத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுக்கப்பட்டுக் குழாயில் வெளியே போகிற மாதிரி, மோட்டார் சுவருக்கு வெளியே. பெரிய டின்கள் பின்பக்க ஷெட்டுக்குப் போய்விட்டன, அறைக்குள் அரை லிட்டர் டப்பாவுக்கு மேல் கிடையாது. அரை லிட்டர் முழுக்கக் கொட்டி ஆவியானாலும் அறையில் 0.35 சதவீதம், மூச்சுக்கு அதுவும் ஆபத்துதான், ஆனால் அறை முழுக்கத் தீ எல்லையைத் தொடாது. துடைத்த வேஸ்ட் துணி உடனே வெளியே, மூடி போட்ட இரும்பு வாளியில். கரன்ட் போனால் வேலை நிற்கும், எல்லோரும் ஹாலுக்கு வந்துவிடவேண்டும். கொட்டினால் சத்தம் போட்டுச் சொல்லவேண்டும், சொன்னவருக்குத் திட்டு கிடையாது என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார், அந்த ஹெல்பர் பையனின் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். எதைத் தொடாதே என்பதும் எழுதி ஒட்டியாயிற்று: கொட்டியபிறகு அறைக்குள் எந்த சுவிட்சும், போடுவதற்கும் சரி அணைப்பதற்கும் சரி, கை வைக்கக்கூடாது, மெயினை வெளியிலிருந்து அணைக்கவேண்டும்.

மயங்கியவர் இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தார், இப்போது தையல் பக்கம் மாற்றிக்கொண்டார். தலைவலி அடிக்கடி வந்துகொண்டிருந்தது அந்த அறையை விட்டபிறகு குறைந்திருக்கிறது என்றார். அதுவரை அது வெயிலால் வருகிறது என்று நினைத்திருந்தாராம்.

காற்றின் வேகம் அளக்கும் சின்னக் கருவியைக் கொண்டுபோய்ப் புதிய பிளவின் வாயில் வைத்துப் பார்த்தேன். குழாயில் இரண்டு முழங்கை வளைவு, அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது, கணக்குக்கு வேண்டிய காற்று இன்னும் முழுதாக வரவில்லை. ஒரு வளைவை நேராக்கி, குழாயை அடுத்த அளவுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் திரும்பவும் போய் அளப்பதாகப் பேச்சு.